தானே நின்றுவிடும் கடிகாரம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஆயிரத்து நூறு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கும் தெரியும். டிகிரிக் கணக்கு அது. எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து ஆயிரத்து நூறு டிகிரியில்தான் கொண்டுவந்து நிறுத்துவார். தேநீர் ஆறிப்போய்விட்டது என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால்கூட, "ஆயிரத்து நூறுல வச்சுப் பாரு, அப்பத் தெரியும்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். அது நகைச்சுவையா புத்திமதியா என்று புரியாமல் எதிரே இருப்பவர்கள் கோப்பையோடு நழுவிவிடுவார்கள்.

அவர் வேலை கலப்புலோகம் செய்வது. விமான எஞ்சினுக்குள் நெருப்புக் காற்று வந்து மோதுகிற இடத்தில் விரல் நீளத் தகடுகள் வரிசையாகச் சுழலும். அவை எவ்வளவு சூட்டைத் தாங்குகின்றனவோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். அவற்றை நிக்கலில்தான் செய்கிறார்கள். ஆனால் வெறும் நிக்கல் போதாது. கொஞ்சம் அலுமினியம், கொஞ்சம் டான்டலம், கொஞ்சம் டங்ஸ்டன், கிள்ளி வைத்தாற்போல் ரீனியம். ரீனியம் குறைந்தால் உலோகம் சூட்டில் இளகி நீண்டுவிடும். கூடினால் உள்ளே ஊசி ஊசியாகப் படிந்து, அந்த ஊசிகளின் ஓரமாகவே பிளந்துகொள்ளும். இந்தக் கூடக்குறையைச் சரிசெய்வதிலேயே அவருக்குத் தலை நரைத்து, அப்புறம் நரைப்பதற்கும் முடி இல்லாமல் போயிற்று.

இன்னொரு சங்கதியும் உண்டு. சாதாரண உலோகம் பொடிப்பொடி மணிகள் சேர்ந்து ஆனது. மணியும் மணியும் ஒட்டுகிற இடத்தில்தான் சூட்டில் விரிசல் விடும். அதனால் வார்க்கும்போதே ஒரு சுருள் குழாய் வழியாக ஏற்றி, முண்டியடித்து வளர்கிற மணிகளில் ஒன்றை மட்டும் மேலே விடுவார்கள். அப்புறம் முழுத் துண்டும் ஒரே படிகம். அக்கம்பக்கம் என்பதே கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வார்த்ததைச் சோதித்தாக வேண்டும். பென்சில் கனத்துக்குக் கம்பியாகக் கடைந்து, நின்றவாக்கில் உலைக்குள் பொருத்தி, நெம்புகோலின் மறுமுனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, ஆயிரத்து நூறு டிகிரியில் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். சூட்டிலும் இழுப்பிலும் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் நீளும். ஒருநாள் உடையும். எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதுதான் மதிப்பெண்.

அவருக்குக் கல்யாணமான புதிதில் அந்த உலைகள் கைக்குழந்தை மாதிரி. மின்சாரம் ஏறும், இறங்கும். கூடவே சூடும் ஏறும், இறங்கும். யாராவது ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, ஒரு குமிழை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணயர்ந்தால் சோதனை பாழ். முறைவைத்து உட்கார்ந்தார்கள். அவர் தன் முறையோடு மற்றவர்கள் முறையையும் வாங்கி உட்கார்ந்தார். வீட்டில் கேட்டபோது, "நான் இல்லேன்னா உலை நின்னுடும்" என்றார். அன்றைக்கு அது சத்தியமான வார்த்தை. சில வருடங்களில் தானியங்கிப் பெட்டிகள் வந்துவிட்டன. அவை மனிதனைவிட ஒழுங்காகச் சூட்டைப் பிடித்துவைத்தன. குமிழைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஒருகாலத்து உண்மையைத் தூசி தட்டாமல் அப்படியே வைத்திருந்தார், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாது. நான் சொல்கிறேன்: அந்த மனிதருக்கு வீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து "அப்புறம்?" என்பார்கள். அப்புறம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் அதே கதைதான். அவளைப் பிடிக்கும், நிறையவே பிடிக்கும். பிடித்தவளிடம் என்ன பேசுவது என்பதுதான் விளங்கவில்லை. உலையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு வேலை என்று பெயர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயரே இல்லை. முப்பது வருடத்தில், தான் இல்லாவிட்டால் உலை நின்றுவிடும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். குழந்தை பிறந்தபோது மனைவி துணைக்குப் போனாள். போனவள் வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை, யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. குழந்தை தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், அது ஓடவே ஆரம்பித்துவிட்டது. வாராவாரம் மனைவி கூப்பிடுவாள். "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. உலைக்குள் இருக்கிற கம்பிக்கு அவள் வைத்த பெயர் அது. இரண்டாவது கேள்வி, எப்போது வருகிறீர்கள் என்பது. அதற்கு அவர், உடைந்ததும் வருகிறேன் என்பார். ஒன்று உடையும்; அடுத்ததை மாட்டுவார்.

அந்த வீட்டில் அவர் ஒருவராய் இருந்த விதத்தைச் சொன்னால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு தட்டு, ஒரு கோப்பை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே கழுவி வைத்துவிடுவார். கூடத்து விளக்கைப் போட்டே மாதக்கணக்காகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கணவனும் மனைவியும் வந்து கதவைத் தட்டினார்கள். வீடு காலியாக இருக்கிறதாமே, வாடகைக்கு விடுவீர்களா என்று அவரிடமே கேட்டார்கள். இல்லை, ஆள் இருக்கிறது என்றார் அவர். அவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, அரைமனதோடு போனார்கள். கதவைச் சாத்தினார். யாரிடமாவது இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. வாராந்திரத் தொலைபேசிக்கு இன்னும் நாள் இருந்ததால் அடக்கிக்கொண்டார். அந்த நாள் வந்தபோது சொல்லத் தோன்றவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அவருக்கு வாழ்நாள் அதிர்ஷ்டம் அடித்தது. ரீனியத்தோடு சிட்டிகை ருத்தேனியம் சேர்த்து, குரோமியத்தைக் குறைத்து வார்த்த கம்பி ஒன்றை மாட்டினார். இதற்கு முன்னால் வந்ததெல்லாம் உடைகிற நேரத்தில் இது உடையவில்லை. அதைத் தாண்டியும் உடையவில்லை. ஆயிரம் மணி நேரம் தாங்கினால் எஞ்சின் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இயக்குநர் தன் வாயால் "பலே" என்றார். கம்பி தாங்கத் தாங்க அவர் பெயர் உயர்ந்தது; கம்பி தாங்கத் தாங்க அவர் மனைவியிடம் போகிற நாளும் தள்ளிப்போயிற்று. "இன்னுமா உடையல?" என்று அவள் கேட்டபோது, "இல்லையே" என்று அவர் குரலில் துள்ளிய சந்தோஷத்தை அவள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் தொலைபேசி வரவில்லை. அவளே வந்தாள்.

மாலையில் அவர் வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணாடி மாற்றியிருந்தாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப்பையில் தேடினார்.

"அது உங்கள விடாதுங்க," என்றாள். "எனக்குத் தெரியும். உடையட்டும் உடையட்டும்னு நானும் எத்தனை நாள் வேண்டிக்கறது, பாவம், உங்க உழைப்பாச்சே. நீங்க வர முடியலேன்னா என்ன, நான் வந்துட்டேன். இனிமே இங்கதான்."

அவர் கதவைத் திறந்தார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், தவறான அறையில் வைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு போய்ச் சரியான அறையில் வைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அவள் அடுப்படியைப் பார்த்துவிட்டு வாய் ஓயாமல் திட்டினாள். இதில் மனுஷன் சமைப்பானா, எலி சமைக்குமா என்றாள். கூடத்து விளக்கு எரிந்தது. இரண்டு தட்டுகள் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் கதையை அப்போது சொன்னார். அவள் முதலில் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தி, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. வாழ்நாள் முழுக்க யோசித்தாலும் அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நாளைக்கு லேப் பாக்க வர்றியா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அங்கே கூப்பிட்டதில்லை. அவள் கையைக் கழுவாமல் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். சோதனைக் கூடம் நீளமானது. இருபுறமும் ஆள் உயர எந்திரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் உருளையாக ஒரு உலை. வெதுவெதுப்பு, சீரான ரீங்காரம். அவர் அவளைத் தன் எந்திரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உலையில் இருந்த சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். வெளிறிய ஆரஞ்சு வெளிச்சத்தில் கம்பி அசையாமல் நின்றது. அவர் பேச ஆரம்பித்தார். ஊசிகளைப் பற்றி, ருத்தேனியத்தைப் பற்றி, ஒற்றைப் படிகத்தைப் பற்றி. இத்தனை கோர்வையாக அவர் அவளிடம் எதையுமே பேசியதில்லை. அவள் குனிந்து எடைக்கற்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை பாரத்தையா இது தாங்குது," என்றாள். "அடி பாவி. உன்னப் போய்த் திட்டினேனே."

பக்கத்து எந்திரத்தில் வேலையாக இருந்த இளம் பெண் பொறியாளர் சிரித்தாள். இந்த வருடம்தான் சேர்ந்தவள், நல்ல மாதிரி, யாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு விளக்கம் சொல்ல ஆசைப்படுகிறவள். மனைவி அவளிடம் திரும்பி, ராத்திரி பகலாக இதைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம், இவருக்கு உதவிக்காவது யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குறுக்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். இயக்குநர் கூப்பிடுகிறார் என்றோ, தேநீர் குடிக்கலாம் என்றோ சொல்லி நகர்த்தியிருக்கலாம். 

"யாருமே வேண்டாம்மா," என்றாள் அந்தப் பெண். "சூட்டை இந்தப் பெட்டி பாத்துக்கும். கம்பி உடைஞ்சா இந்தக் கோல் கீழ விழும். விழறப்போ இந்த சுவிட்சைத் தட்டும். கடிகாரம் தானா நின்னுடும், உலையும் அணைஞ்சுடும். நாங்க மாட்டிட்டு லீவுலகூடப் போயிடுவோம். வந்து மணியைப் பாத்து எழுதிக்க வேண்டியதுதான்." அவள் பெருமையோடு சுவிட்சைக் காட்டினாள். அது தபால்தலை அளவுகூட இல்லை.

மனைவி அந்தச் சுவிட்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது எப்போது வந்தது என்று கேட்டாள். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கும் என்றாள் அந்தப் பெண், இன்னும் சிரித்துக்கொண்டே. மனைவி அவளுக்கு நன்றி சொன்னாள். மரியாதை குறையாமல், நன்றாகச் சொல்லித் தந்தாய் அம்மா என்று சொன்னாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் என்னமோ, நீங்க கையில பிடிச்சுட்டு நிக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்," என்றாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு? அன்னிக்கும் இது தானாத்தான் ஓடுச்சா?"

அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது, பெட்டி பழுது என்று ஏதாவது சொல்லலாம். அவள் நம்பக்கூடச் செய்வாள். நம்புவதற்கு ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். ஆனால் அந்த மனிதர் அளவு விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாதவர்.

"ஆமா," என்றார்.

"பொண்ணுக்கு வலி எடுத்த அன்னிக்கு?"

"ஆமா. தானாத்தான் ஓடுச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு நிறைய நாள்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் மனதுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பது அவருக்குத் தெரிந்தது. இரவு சாப்பாடு இரண்டு தட்டுகளில்தான் நடந்தது. உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். காலையில் எழுந்தபோது பெட்டிகள் இரண்டும் வாசலில் இருந்தன.

பேருந்து நிலையம் வரை பெட்டிகளை அவரே தூக்கிவந்தார். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவர் கீழே நின்றார். தானும் வருவதாக, இப்போதே, இப்படியே ஏறிக்கொள்வதாகச் சொன்னார். உலை கிடக்கட்டும் என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருமென்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"வேண்டாங்க. கோபமெல்லாம் இல்லை," என்றாள் அவள். "இத்தனை வருஷமும் ஒரு சக்களத்திகிட்ட தோத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன். அது பெரிய வேலை, நாலு பேருக்கு நல்லதுன்னு தோக்கறதுல ஒரு சமாதானம் இருந்துச்சு. அதனாலதான் கிளம்பி வந்தேன். அங்க யாருமே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. ஆளே இல்லாத இடத்துல எப்படிங்க தோக்கறது?"

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர ஆரம்பித்தபோது, கையை எடுங்க, பட்டுடப்போகுது என்றாள். எடுத்தார்.

அன்றைக்கு அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. விடுப்பும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அடுப்படி துடைத்துத் துப்புரவாக இருந்தது. அவள் ஒரே நாளில் செய்துவிட்டுப் போன வேலை. இரண்டு தட்டுகளையும் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து யாராவது தேடிக் கூப்பிடுவார்கள் என்று பகல் முழுக்கக் காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. உலை ஓடுவதற்கும் அவர் வேண்டாம், மகள் வீடு நடப்பதற்கும் அவர் வேண்டாம். இது எவ்வளவு காலமாக இப்படி என்று யோசித்துப் பார்த்தபோது அவருக்குப் பயமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. அழுதார். பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் சிரமப்பட்டு அடக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் போனபோது சோதனைக் கூடத்தில் கூட்டம் நின்றது. அந்த இளம் பொறியாளர் ஓடிவந்தாள். நேற்று மத்தியானமே கம்பி உடைந்துவிட்டதாம், காலையில்தான் பார்த்தார்களாம். கடிகாரம் ஆயிரத்தைத் தாண்டி, அதற்கு மேலும் நன்றாகத் தள்ளி நின்றிருந்தது. இதுவரை இந்தக் கூடத்தில் யாரும் பார்க்காத எண். இயக்குநர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். எஞ்சின்காரர்களுக்குச் சொல்லியாயிற்று என்றார். யாரோ இனிப்பு வாங்கப் போயிருந்தார்கள். நேற்று நீங்கள் வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். கவனிக்கவில்லையே என்று இன்னொருவர் சொன்னார். நெம்புகோல் கீழே சாய்ந்து கிடந்தது. உலையைத் திறந்து கம்பியின் இரண்டு துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். முழுக்க ஆறிப்போயிருந்தன.

நடைபாதைக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் அவளைக் கூப்பிடுவது அபூர்வம், அதனால் என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டுதான் எடுத்தாள்.

"உடைஞ்சுடுச்சு," என்றார். "ஆயிரத்தைத் தாண்டிடுச்சு."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்ங்க," என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அது குரலில் தெரிந்தது. பின்னால் குழந்தை எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. "உடைஞ்சப்போ பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல. வீட்டுல இருந்தேன்."

"வீட்டுலயா? உடம்புக்கு என்ன? வீட்டுல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல," என்றார். "கூடத்துல சும்மா உக்காந்திருந்தேன்."

 குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இருந்தப்போ ஒரு நாள் அப்படி உக்காந்திருக்கலாமேங்க," என்றாள். "நான் வேற ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குழந்தை எதையோ கொட்டிவிட்டது. அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து இனிப்பு வந்துவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள்.